வேலை இல்லாதவருக்கு அரசு என்ன தருகிறது? தமிழ்நாட்டின் நிலவரமும் நாம் கவனிக்காமல் விடும் விதிகளும்

"வேலை போய்விட்டது, அரசாங்கத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா?" நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. கம்பெனியில் ஆள் குறைத்த பிறகு கேட்பவர்கள் உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து ஆறு மாதம் கையிருப்பில் ஓட்டிய பிறகு கேட்பவர்கள் உண்டு. பட்டம் முடித்து மூன்று ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் மகனுக்காகவோ மகளுக்காகவோ கேட்கும் பெற்றோர்தான் அதிகம். "வெளிநாட்டில் எல்லாம் வேலை இல்லாதவருக்கு மாதாமாதம் பணம் போடுகிறார்களாமே" என்பதும் கூடவே வரும்.

தமிழ்நாட்டிலும் கிடைக்கிறது. ஆனால் நாம் நினைப்பது போல் அல்ல. இங்கே இரண்டு வழிகள் தனித்தனியாக ஓடுகின்றன. ஒன்று, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவருக்கு மாநில அரசு தரும் உதவித்தொகை. மற்றொன்று, சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டு வேலை பார்த்து, பிறகு அந்த வேலையை இழந்தவருக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். வழியாக வருவது. முதலாவதைப் பற்றி எல்லோருக்கும் கொஞ்சம் தெரியும், தொகை மிகச் சிறியது. இரண்டாவதில் கிடைக்கும் தொகை ஓரளவு உதவும், அதைக் கேட்டு வாங்குவோர்தான் குறைவு. இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு: வேலை போன பிறகு ஓடினால் கிடைக்காது, அதற்கு முன்பே காகிதங்கள் சரியாக இருந்திருக்க வேண்டும்.

விதிகளுக்குப் போகுமுன், வேலையின்மை பற்றிச் செய்திகளில் வரும் எண்களைப் பார்த்துவிடுவோம். அதில் பலருக்கும் குழப்பம் இருக்கிறது.

எந்த எண்ணை நம்புவது?

மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்டோரில் தமிழ்நாட்டின் வேலையின்மை விகிதம் 2017-18-ல் ஏறத்தாழ 7.5 சதவீதமாக இருந்தது. அன்றைக்கு நாட்டின் சராசரி 6 சதவீதம். அதன் பிறகு தமிழ்நாட்டில் இந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி 2022-23-ல் 4.3 ஆகவும், 2023-24-ல் 3.5 ஆகவும் வந்தது. நாட்டின் சராசரி 2023-24-ல் 3.2. ஆக, தேசிய சராசரியைவிடச் சற்று மேலேதான் இன்னமும் நிற்கிறோம், ஆனால் இடைவெளி குறைந்துவிட்டது.

நடுவில் ஒரு பெரும் பள்ளம் இருந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது, மும்பையைச் சேர்ந்த சி.எம்.ஐ.இ. என்ற தனியார் ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டின் வேலையின்மையை 49.8 சதவீதம் என்று கணக்கிட்டது. அதே மாதத்தில் நாடு முழுவதுக்குமான அதன் கணக்கு 23.5 சதவீதம். தொழிற்சாலை, கடை, உணவகம் என்று கூலிக்கும் சம்பளத்துக்கும் ஆள் வைத்து நடக்கும் மாநிலம் நம்முடையது. எல்லாம் ஒரே நாளில் மூடப்பட்டபோது அடி இங்கே பலமாக விழுந்தது. பிற மாநிலங்களில் நகரத்திலிருந்து திரும்பியவர் குடும்பத்தின் நிலத்தில் இறங்கிக்கொண்டார், கணக்கில் 'வேலை இருப்பவர்' ஆகிவிட்டார். தோல் ஷெட்டில் வேலை பார்த்தவருக்கும் ஜவுளிக்கடையில் நின்றவருக்கும் இறங்கிக்கொள்ள நிலம் ஏது?

3.5 சதவீதம் என்றால் நூறு பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் வேலை இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை செய்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் இந்த இரு தரப்பையும் சேர்த்த தொகையில், தேடியும் கிடைக்காதவர்கள் எத்தனை பேர் என்பதே அந்த விகிதம். வேலை தேடுவதையே விட்டுவிட்டவர் இதில் வரமாட்டார். பி.எஸ்சி. முடித்துவிட்டு வீட்டில் இருக்கும், வெளியே விண்ணப்பிக்காத நம் வீட்டுப் பெண் இதில் வரமாட்டாள். ஆண்டில் முப்பது நாள் ஏதாவது துணைத் தொழில் செய்தவர் வேலை உள்ளவராகவே எண்ணப்படுவார். தந்தையின் கடையில் சம்பளமின்றி உட்கார்ந்திருக்கும் மகனும் அப்படியே. வறுமையில் இருப்பவர் கிடைத்த கூலிக்குப் போய்விடுவார், வேலையின்றிக் காத்திருக்க அவருக்கு வசதி இல்லை. அதனால்தான் கணக்கெடுப்புகளில் படிக்காதவர்களைவிடப் படித்தவர்களிடம் வேலையின்மை கூடுதலாகத் தெரிகிறது. 2023-24-ல் நாடு முழுவதும் 15 முதல் 29 வயதினரிடம் இந்த விகிதம் 10.2 சதவீதம், மொத்த விகிதத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2021-22-ஆம் ஆண்டுக்கான உயர்கல்விக் கணக்கெடுப்பில், கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் இங்கே உயர்கல்விக்குச் சென்றிருந்தார்கள். நாட்டின் சராசரி 28 சதவீதம்தான். இந்தியாவில் அதிகத் தொழிற்சாலைகள் உள்ள மாநிலமும் இதுதான். ஆனால் அந்தத் தொழிற்சாலைகள் கேட்பது பெரும்பாலும் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவரையும், ஒப்பந்தத்தில் வரத் தயாராக இருக்கும் இளம் பெண்களையும்தான். பி.ஏ., பி.காம். முடித்தவர்கள் வேறொரு வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையின் நீளத்தை 2022-ல் நடந்த குரூப் 4 தேர்வில் பார்த்தோம். 7,301 பணியிடங்களுக்கு 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். ஓர் இடத்துக்கு 300 பேர்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் எண்ணிக்கை வேறு. 2022 தொடக்கத்தில் ஏறத்தாழ 75 லட்சம் பேர் பதிவேட்டில் இருந்தார்கள். 'தமிழ்நாட்டில் 75 லட்சம் பேர் வேலையின்றித் தவிப்பு' என்று தலைப்பிட்ட செய்திகளை வாட்ஸ்அப்பில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது தவறான வாசிப்பு. பள்ளியில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று வாங்கும்போதே அங்கேயே பதிவு செய்துவிடுகிறார்கள், ஆகவே அதில் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர் லட்சக்கணக்கில் உண்டு. தனியாரில் வேலை பார்த்துக்கொண்டே அரசு வேலைக்காகப் பதிவை வைத்திருப்பவரும் உண்டு. அதேபோல் புதுப்பிக்காமல் விட்டுப் பட்டியலிலிருந்து விழுந்தவர் வேலை கிடைத்து விழவில்லை. பதிவேட்டின் எண்ணிக்கை குறைந்தால் வேலையின்மை குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டியதில்லை.

உதவித்தொகை: யாருக்கு, எவ்வளவு?

வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2006-ல் தொடங்கியது. அப்போது பட்டதாரிக்கு மாதம் 300 ரூபாய். பிறகு அது இரு மடங்கானது. பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெறாதவருக்கு மாதம் 200, தேர்ச்சி பெற்றவருக்கு 300, பிளஸ் டூ முடித்தவருக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். பல ஆண்டுகளாக இந்தக் கணக்கில்தான் தொகை வழங்கப்பட்டு வந்திருக்கிறது. மாதாமாதம் வராது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும். மூன்று ஆண்டுகள் மட்டுமே. முழுக் காலமும் வாங்கினால் பட்டதாரிக்கு மொத்தம் 21,600 ரூபாய். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு 10,800.

மாற்றுத்திறனாளிகளுக்கான விதி வேறு, நல்ல விதமாகவே வேறு. பத்தாம் வகுப்பு வரை 600, பிளஸ் டூவுக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய். பதிவு செய்து ஓராண்டு ஆகியிருந்தால் போதும், குடும்ப வருமான உச்சவரம்பு கிடையாது, பத்து ஆண்டுகள் வரை கிடைக்கும். நம் ஊர்களில் பேச்சு, செவித்திறன் குறைந்த பிள்ளைகளைப் பள்ளிப் படிப்போடு வீட்டில் நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பவர் மிகக் குறைவு. இக்கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கான நிபந்தனைகளில் முக்கியமானது ஐந்தாண்டுப் பதிவு. படிப்பைப் பதிந்து ஐந்து ஆண்டுகள் முழுதாக முடிந்திருக்க வேண்டும், இடையில் பதிவு அறுந்திருக்கக் கூடாது. வயது 40-க்குள் இருக்க வேண்டும், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு மட்டும் 45 வரை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள முஸ்லிம்களுக்கும் 40-தான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. அரசிலோ தனியாரிலோ வேலையிலோ, சொந்தத் தொழிலிலோ இருக்கக் கூடாது. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவராக இருக்கக் கூடாது, தொலைநிலைக் கல்வியில் படிப்பதற்குத் தடையில்லை. பள்ளி, கல்லூரிப் படிப்பைத் தமிழ்நாட்டில் முடித்தவராகவோ, பெற்றோர் 15 ஆண்டுகளாவது இங்கே குடியிருந்தவராகவோ இருக்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இத்திட்டம் இல்லை. பி.இ. முடித்து மூன்றாண்டு சும்மா இருக்கும் மகனுக்காகக் கேட்கும் பெற்றோருக்கு இந்த இடத்தில் ஏமாற்றம்தான்.

அந்த 72,000-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மாதம் 6,000, நாளுக்கு 200 ரூபாய் கூட வராது. நூறு நாள் வேலைக்கு 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த ஒரு நாள் கூலியே 336 ரூபாய். வீட்டில் ஒருவர் தினமும் அந்தக் கூலிக்குப் போனால்கூட இந்த வரம்பைத் தாண்டிவிடுவார். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்கு அதே மாநில அரசு வைத்த வருமான வரம்பு 2.5 லட்சம், தொகை மாதம் 1,000. வேலையில்லாத பட்டதாரிக்கு 600 ரூபாய், அதற்கு 72,000 வரம்பு என்பது காலத்தோடு ஒட்டாமல் எப்போதோ நின்றுவிட்ட கணக்கு என்பது எங்கள் கருத்து. சட்டமன்றத்தில் இதை யார் கேட்டாலும் நாம் கூடச் சேர்ந்து கேட்கலாம்.

அதற்காக, பொய் வருமானச் சான்று வாங்கி விண்ணப்பிக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். சவூதியிலிருந்து மாதம் முப்பதாயிரம் வரும் வீட்டுக்கு ஆறாயிரம் வருமானச் சான்று வாங்கித் தர ஆள் இருக்கிறார்கள் என்பது நமக்கும் தெரியும். வேலையில் இல்லை என்று ஆண்டுதோறும் சுயஉறுதி ஆவணம் கொடுக்க வேண்டிய திட்டம் இது. அதில் இடும் கையெழுத்துக்கு அந்த 600 ரூபாயைவிட மதிப்பு அதிகம்.

உதவித்தொகை வாங்கினால் பதிவு ரத்தாகிவிடும், அரசு வேலைக்கான அழைப்பு வராது என்றொரு பயம் பலரிடம் இருக்கிறது. அது வீண் பயம். பதிவு அப்படியே இருக்கும், மூப்பும் குறையாது. விண்ணப்பப் படிவம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, துறையின் இணையதளத்திலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். எந்தக் காலாண்டில் ஐந்து ஆண்டு முடிகிறதோ அதை வைத்து விண்ணப்பம் கேட்டு மாவட்ட ஆட்சியர் அறிவிப்பு வெளியிடுவார். உள்ளூர் நாளிதழில் ஒரு மூலையில் அது வரும்.

சபுராளிகள் விழும் குழி

நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். பிளஸ் டூ முடித்து 18 வயதில் பள்ளியிலேயே பதிவு செய்தாயிற்று. 20 வயதில் ரியாத் போயாயிற்று. பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 21 வயதில் அந்த மாதம் வந்தபோது ஊரில் யாரும் கவனிக்கவில்லை, பதிவு விழுந்துவிட்டது. 36 வயதில் வேலை போய் ஊர் திரும்புகிறார். அன்றைக்குப் புதிதாகப் பதிந்தால் ஐந்து ஆண்டு முடியும்போது வயது 41. திட்டத்தின் வயது வரம்பு 40. அதாவது, வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு அது தேவைப்படும் நேரத்தில் கதவு மூடியிருக்கும்.

அதே ஆள் பதிவை விடாமல் வைத்திருந்தால் திரும்பிய உடனேயே ஐந்தாண்டு நிபந்தனையை முடித்தவராக இருப்பார். வருமான வரம்பு தனி விஷயம், ஆனால் வேலை போய்த் திரும்பியவரின் வீட்டில் அது தடையாக இல்லாமலும் போகலாம். இன்று புதுப்பித்தல் இணையத்தில் நடக்கிறது, ரியாத்திலிருந்தும் செய்யலாம், ஊரில் தம்பியும் செய்யலாம். வேலையில் இருப்பவர் பதிவு வைத்திருக்கக் கூடாது என்று விதி இல்லை, உதவித்தொகை வாங்கும்போது வேலையில் இருக்கக் கூடாது என்பதே விதி.

அடுத்த தவறு, பட்டத்தைப் பதியாமல் விடுவது. பத்தாம் வகுப்பையும் பிளஸ் டூவையும் பள்ளி பதிந்து தரும். கல்லூரி முடித்தபின் நாமேதான் சேர்க்க வேண்டும். சேர்க்காத பட்டதாரி பதிவேட்டில் பிளஸ் டூ படித்தவராகவே நிற்பார், உதவித்தொகையும் அந்தக் கணக்கில்தான். திருமணமாகி வேறு மாவட்டம் போகும் பெண்களின் பதிவும் இப்படியே கைவிடப்படுகிறது. பதிவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது.

'பதிவால் இனி என்ன பயன், எல்லாம் தேர்வு வைத்துத்தானே எடுக்கிறார்கள்' என்று சலித்துக்கொள்பவர்களின் வாதத்திலும் உண்மை உண்டு. காலியிடங்களை அறிவிக்க நிறுவனங்களைக் கட்டாயப்படுத்திய 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அறிவிக்கத்தான் சொன்னது, அந்தப் பட்டியலிலிருந்தே ஆள் எடுக்கச் சொல்லவில்லை. 1996-ல் உச்ச நீதிமன்றமும் அரசு வேலைக்குப் பொது விளம்பரம் வேண்டும் என்று கூறிவிட்டது. டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வாணையம் என்று தேர்வுகளே இன்று வழி. ஆனாலும் உதவித்தொகைக்கு அந்தப் பதிவே அடிப்படை. வைத்திருப்பதற்குச் செலவும் இல்லை.

வேலையை இழந்தவருக்கு

இப்போது இரண்டாவது வழி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் நம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கின்றன. வெளிநாட்டு ஆர்டர் நின்றால் இங்கே ஷிப்டு நிற்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது இந்த ஊர்களில் எழுந்த முதல் கேள்வியே எங்கள் வேலை இருக்குமா என்பதுதான்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளி, பொதுவாக 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் இருந்தால் இ.எஸ்.ஐ.யில் வர வேண்டும். தொழிலாளி 0.75 சதவீதமும் நிர்வாகம் 3.25 சதவீதமும் கட்டுகிறார்கள். நம்மவர்கள் இ.எஸ்.ஐ. என்றால் மருந்துச் சீட்டும் பிரசவமும் என்றே நினைக்கிறார்கள். வேலை போனாலும் அதில் பணம் உண்டு. 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்ற வாயில் நுழையாத பெயரில் 2018 ஜூலையில் அது தொடங்கியது. முதலில் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம் தந்தார்கள், கொரோனா காலத்தில் 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக்கினார்கள். அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒருமுறை.

மாதம் 15,000 ரூபாய், அதாவது நாளுக்கு 500 ரூபாய் வாங்கியவர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 250. தொண்ணூறு நாளுக்கு 22,500 ரூபாய். பட்டதாரி ஒருவர் மூன்று ஆண்டு காத்திருந்து மாநில உதவித்தொகையாக வாங்கும் மொத்தத்தைவிட இது அதிகம், அதுவும் மூன்றே மாதத்துக்கு. இருந்தும் இதைக் கேட்டுப் போனவர் நம் தெருவில் எத்தனை பேர்?

நிபந்தனைகள்: வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதம் கொண்டது ஒரு பங்களிப்புக் காலம். வேலை போவதற்குச் சற்று முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும், அந்த இரண்டு ஆண்டில் மீதமுள்ள மூன்று காலங்களில் ஏதேனும் ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவருக்கும் தானாக ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது. வேலை போய் 30 நாள் ஆனபின் நேரடியாக இணையத்திலோ கிளை அலுவலகத்திலோ கேட்கலாம், முதலாளி அனுப்பித்தர வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. இது கால வரையறையோடு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வரும் திட்டம் என்பதால், போகும் நாளில் நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆலையே மூடப்பட்டாலோ, ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டாலோ இ.எஸ்.ஐ.யில் இன்னொரு திட்டமும் உண்டு. 2005-ல் வந்த ராஜீவ் காந்தி ஸ்ரமிக் கல்யாண் யோஜனா. முதல் 12 மாதம் சம்பளத்தில் பாதி, அடுத்த 12 மாதம் கால் பங்கு. இதற்கு ஆலை மூடல் அல்லது ஆட்குறைப்பு நடந்ததற்கான காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில்தான் எல்லாம் கெடுகிறது. கணக்கு முடிக்கும் நாளில் பலரிடம் 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்' என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர் காகிதத்தில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் அல்ல, தானே போனவர். ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அம்மாதச் சம்பளம், அதோடு வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும் என்பது சட்டம். ராஜினாமாவில் அதுவும் போய்விடும். பாக்கிச் சம்பளத்தை வாங்குவதற்காகக் கையெழுத்துப் போட்டேன் என்று பிறகு சொல்லிப் பயனில்லை. போடுமுன் ஒருநாள் அவகாசம் கேளுங்கள், தொழிற்சங்கத்திலோ தொழிலாளர் துறை அலுவலகத்திலோ காட்டுங்கள்.

பி.எஃப். பற்றிச் சுருக்கமாக. அது நம் சொந்தப் பணம், உதவித்தொகை அல்ல. வேலை போனால் 75 சதவீதத்தை எடுக்கலாம். மீதியை இரண்டு மாதம் கழித்து எடுக்கலாம் என்றிருந்ததை 12 மாதமாக நீட்டிக்க 2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் வாரியம் முடிவெடுத்தது. விலகிய தேதியை நிர்வாகம் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நாமே இணையத்தில் அந்தத் தேதியைப் பதியலாம். இதைத் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் கம்பெனி வாசலுக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

எதிலும் வராதவர்கள்

சொல்ல மனம் வராவிட்டாலும் சொல்லியாக வேண்டும். நம் குடும்பங்களில் பெரும்பாலோரின் பிழைப்பு இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் இல்லாத இடங்களில்தான். பிரியாணிக் கடையில் மாஸ்டர், ஜவுளிக்கடையில் விற்பனையாளர், லோடு ஆட்டோ ஓட்டுநர், வீட்டில் பீடி சுற்றும் பெண்கள். கடை மூடினால் அன்றோடு சரி. அமைப்புசாரா தொழிலாளர் நலவாரியங்களில் பதிந்தால் பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து, முதுமை ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கும், வேலையின்மைக்குக் கிடையாது. கிராமப்புறத்துக்கு 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலை கேட்டு 15 நாளில் தராவிட்டால் வேலையின்மைப் படி தர வேண்டும், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் பாதிக்குக் குறையாமல் என்று எழுதினார்கள். எழுத்துமூலம் வேலை கேட்டு, தேதியிட்ட ரசீது வாங்கி வைத்தவர் மட்டுமே அதைக் கேட்க முடியும். அந்த ரசீதைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் வேரூன்றவே இல்லை.

விதிவிலக்கு கடலோரத்தில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தக் காலத்துக்கு மீனவர் குடும்பத்துக்கு மாநில அரசு நிவாரணம் தருகிறது, 2023-ல் அதை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக அறிவித்தார்கள். வேலையில்லாக் காலத்துக்கென்று, ஐந்தாண்டு காத்திருக்கச் சொல்லாமல், கணக்கில் நேராக விழும் பணம் இது. ராமநாதபுரம் கடலோர ஊர்களில் கடல் தொழிலில் உள்ள நம்மவர்கள் மீன்வளத் துறையின் பதிவில் இருக்கிறார்களா என்று ஜமாஅத்துகள் ஒருமுறை பார்த்துவிடலாம்.

கேள்வியில் வெளிநாடும் வருவதால் ஒரு சிறு குறிப்பு. அமீரகத்தில் 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹமுக்குள் இருப்பவர் மாதம் 5 திர்ஹம் கட்டுகிறார். தொடர்ந்து 12 மாதம் கட்டியவர் வேலையை இழந்தால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மூன்று மாதம் வரை, மாதம் 10,000 திர்ஹம் உச்சவரம்போடு கிடைக்கும். வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும், ராஜினாமா செய்தவருக்கு இல்லை, நாட்டை விட்டு வந்துவிட்டவருக்கும் இல்லை. வேலை போன வேதனையில் உடனே டிக்கெட் போட்டு ஊர் வந்துவிடுகிறவர்கள் 5 திர்ஹம் கட்டியதன் பலனை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

செய்ய வேண்டியது

வீட்டில் யாரெல்லாம் பத்தாம் வகுப்பைத் தாண்டியவர்களோ அவர்களுடைய வேலைவாய்ப்பு அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். அதில் புதுப்பிக்க வேண்டிய மாதம் இருக்கும். அந்த மாதத்தைத் தவறவிட்டாலும் அடுத்த இரண்டு மாதம் வரை சலுகை உண்டு. அதையும் தாண்டிவிட்டால் அரசு எப்போதாவது வெளியிடும் சிறப்புச் சலுகை ஆணைக்காகத்தான் காத்திருக்க வேண்டும். 2014 முதல் 2019 வரை விட்டவர்களுக்கு 2021-ல் அப்படி ஆணைகள் வந்தன. அடுத்தது எப்போது வரும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. அட்டை தொலைந்திருந்தால் பதிவு எண்ணை மாவட்ட அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம், பள்ளியில் பதிந்தவர்களுக்கு மதிப்பெண் சான்று, ஆதார் இரண்டும் கையில் இருந்தால் போதுமானது.

தொழிற்சாலையில் இருப்பவர்கள் இந்த மாதச் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் 113 ரூபாய் இருக்க வேண்டும். பிடித்தம் இருந்தும் காப்பீட்டு எண் தரப்படவில்லை என்றால், அதைக் கேட்க வேண்டிய நேரம் வேலை இருக்கும் இந்த மாதம்தான்.